மார்ச் பன்னிரண்டில் ஒரு விசேஷமும் இல்லை

அன்புள்ள சின்னவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், அப்பா, அக்கா, அவள் வீட்டுக்காரர், குட்டி எல்லோரும் சௌக்கியம், உன் அப்பாவின் முழங்காலைத் தவிர. அங்கே நீ வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டுதான் பேனாவை எடுத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் ஆக்கிப்போடுகிறவன் நின்றபடியே எதையாவது வாயில் போட்டுக்கொண்டு ஓடுவான் என்பது எனக்குத் தெரியும், இருந்தாலும் நம்புகிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவள் எதற்காகக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். இந்த உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம் இருக்கிறது, அது போனில் வராது. படம் எடுத்து அனுப்பலாமே என்று அக்கா கேட்டாள், படத்தைச் சுவரில் ஒட்ட முடியுமா? அது மட்டுமில்லை, நான் சொல்லப்போவதைப் போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், எனக்குக் கோபம் வந்து போனை அப்பாவிடம் கொடுத்துவிடுவேன். கடிதத்தில் நீ எவ்வளவு சிரித்தாலும் எனக்குக் கேட்காது. முதலில் அந்தத் துண்டை எடுத்துப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு வந்து மேலே படி. உன் சட்டைப் பையில் வைக்காதே, சட்டையோடு துவைத்துவிடுவாய்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டு, மார்ச்சில் லீவு கிடைக்காது போலிருக்கிறது அம்மா என்று சொன்னாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். உங்கள் பெரிய சமையல்காரர் குளிர் அறைக் கதவுப் பக்கத்தில் மாட்டியிருக்கிற, வருஷா வருஷம் நான் அனுப்புகிற காலண்டருக்கு முன்னால் நின்று, நீ கேட்ட எட்டு நாளையும் விரலால் தடவிக்கொண்டே வந்தாராம், பன்னிரண்டாம் தேதியில் விரல் நின்றுவிட்டதாம். இது சிவப்புல இருக்கேப்பா, சிவப்பு இருக்கிற வாரத்துல எவனுக்கும் லீவு கிடையாதுன்னு உனக்குத் தெரியாதா என்று அவர் பாஷையில் கேட்டாராம். நீயும் விடாமல், கீழே எந்த நாட்டுப் பெயரும் இல்லையே சார் என்று கேட்டிருக்கிறாய். பேரு இல்லாட்டி என்ன, உங்கம்மா பார்த்த காலண்டர், தப்பா இருக்காது, எந்த நாட்டு விசேஷம்னு அவங்களையே கேளு என்று சொல்லிவிட்டார். நீ என்னைக் கேட்டாய். நான் அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அடுப்பில் பாலும் இல்லை, அடுப்பும் எரியவில்லை. அப்பா முழங்கால் வலியைப் பற்றி உன்னிடம் பேசி முடிக்கும்வரை நான் சமையலறையில் சும்மா நின்றுகொண்டிருந்தேன்.

இருபத்தாறு வருஷமாக நான் என்ன வேலை செய்கிறேன் என்று உனக்குத் தெரியும், ஆனால் அதை நான் ஒழுங்காக உட்கார்ந்து சொன்னதில்லை, நீயும் கேட்டதில்லை. எங்கள் பிரஸ்ஸில் ஒரு கப்பல் கம்பெனிக்காக வருஷா வருஷம் ஒரு சுவர்க் காலண்டர் அடிக்கிறோம். அந்தக் கம்பெனிக்கு நாற்பத்தொரு நாட்டில் ஆபீஸ் இருக்கிறது. எந்த நாட்டில் என்றைக்கு விடுமுறை என்று தெரியாமல் சரக்கை அனுப்பினால் அது துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடக்கும், அதனால் நாற்பத்தொரு நாட்டுப் பண்டிகையும் ஒரே காலண்டரில் இருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டு ஆபீஸிலிருந்தும் பட்டியல் வரும், நான் ஒன்றுக்கொன்று ஒத்துப்பார்த்து, விடுமுறைத் தேதியைச் சிவப்பாக்கி, அடியில் பொடி எழுத்தில் நாட்டுப் பெயரையும் விசேஷத்தின் பெயரையும் போட வேண்டும். ஒரு நாட்டில் வருஷப் பிறப்பன்று தெருவில் போகிறவர் வருகிறவர் மேலெல்லாம் தண்ணீரைக் கொட்டுகிறார்கள். ஒரு நாட்டில் குளிர் போய் வசந்தம் பிறக்கிற அன்றைக்குத்தான் வருஷமே பிறக்கிறது. ஒன்றில் செத்துப்போனவர்களுக்கு விருந்து வைத்து, மண்டையோடு மாதிரி சர்க்கரையில் செய்து வைக்கிறார்கள். ஒன்றில் வருஷத்திலேயே நீளமான பகலுக்காக நெருப்பு மூட்டிச் சுற்றி நின்று பாடுகிறார்கள். நிலாவைப் பார்த்துத் தேதி முடிவாகிற பண்டிகைகள்தான் என் பிராணனை வாங்கும், அதற்கெல்லாம் நட்சத்திரக் குறி போட்டு, ஒரு நாள் முன்பின் ஆகலாம் என்று கீழே எழுதிவிடுவேன். இவ்வளவையும் நான் ஒரு தடவைகூட ஆசையாகப் படித்ததில்லை. எனக்கு அவை தேதிகள், சிவப்பா கறுப்பா, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு டீச்சர் ஒருநாள் என்னிடம், உங்களுக்கு உலகமே தெரியுமே, எந்தப் பண்டிகை ரொம்ப அழகு என்று கேட்டாள். தேதி மாறாத பண்டிகை என்றேன். அதற்கப்புறம் அவள் என்னை ஒன்றும் கேட்பதில்லை.

எனக்குத் தேதியாக இருந்தது உனக்கு மாவாக வந்து சேர்ந்தது, இதை நான் எதிர்பார்க்கவில்லை. நீ அந்த வெளிநாட்டு ஓட்டலில் ரொட்டி, கேக், இனிப்புப் பகுதியில் சேர்ந்த பிறகுதான் நான் திருத்துகிற ஒவ்வொரு சிவப்புக்கும் பின்னால் யாரோ முதுகு ஒடிய வேலை செய்கிறார்கள் என்று தெரிந்தது. வருஷப் பிறப்புக்கு ஆளுக்குப் பன்னிரண்டு திராட்சை வீதம் எண்ணி முந்நூறு கண்ணாடிக் குவளையில் போட்டேன் என்றாய். முட்டைக்கு வண்ணம் பூசிப் பூசி ஒரு மாசம் நகமெல்லாம் பச்சையாக இருந்ததைப் போனில் காட்டினாய். நிலாப் பண்டிகைக்கு அச்சில் அழுத்திச் செய்கிற கேக்கை அடுக்கி வைத்து அதன் நடுவில் உன் மூஞ்சியைக் காட்டினாய், கேக்கு நன்றாக இருந்தது, நீ இளைத்திருந்தாய். உங்கள் ஓட்டலுக்கு எல்லா நாட்டுக்காரரும் வருவதால் எல்லார் பண்டிகையும் உன் தலையில்தான் விடிகிறது. யார் சிரித்துக் கொண்டாடினாலும் அன்று உனக்கு வேலை. அக்கா கல்யாணம்கூட இப்படித்தான் போயிற்று, யாரோ முன்பின் தெரியாதவர்களின் விருந்துக்கு நீ அங்கே மாவு பிசைந்துகொண்டிருந்தாய். நான்கு வருஷம் ஆகிவிட்டது நீ போய். குட்டிக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது, அவளுக்கு மாமா என்றால் போன்தான். போனை சார்ஜரில் போட்டால், உஷ், மாமா தூங்குது என்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அது நன்றாக இல்லை.

அதனால் போன அக்டோபரில் இந்த வருஷக் காலண்டரின் ப்ரூஃப் என் மேஜைக்கு வந்தபோது நான் ஒரு காரியம் செய்தேன். இவ்வளவு வருஷமும் சிவப்பைத் தேடியே பார்த்தவள், முதல் தடவையாகக் கறுப்பைத் தேடினேன். உனக்கு வேண்டியது எட்டு நாள், போக ஒன்று வர ஒன்று போனால் வீட்டில் ஆறு. நாற்பத்தொரு நாட்டில் ஒருத்தருக்கும் ஒரு விசேஷமும் இல்லாத எட்டு நாள் எங்காவது சேர்ந்தாற்போல் இருக்கிறதா என்று பார்த்தேன். நாலு நாள் இருந்தது, ஐந்து நாள் இருந்தது, அதற்குள் யாராவது ஒரு நாட்டுக்காரருக்குச் சுதந்திரம் கிடைத்துவிடும், இல்லையென்றால் ஒரு ராஜா பிறந்துவிடுவார். டீ ஆறிப்போகிறதென்று அப்பா இரண்டு தடவை போன் செய்துவிட்டார். கடைசியில் கிடைத்தது, மார்ச் பதினொன்றிலிருந்து பதினெட்டு வரைக்கும். எங்கள் பட்டியலில் வருஷம் முழுக்க அப்படி ஒன்றே ஒன்றுதான். பத்தாம் தேதி வேலையை முடித்து, பதினொன்றாம் தேதி கிளம்பி, மாறி மாறி ஏறி இறங்கி எப்படியும் பன்னிரண்டாம் தேதி காலையில் நீ வாசலில் நிற்பாய் என்று மனசுக்குள் போட்டுப்பார்த்தேன். கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. பன்னிரண்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன்.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். எங்கள் பிரஸ்ஸில் திருத்தமெல்லாம் நீலத்தில்தான் எழுத வேண்டும், சிவப்பு வட்டம் போட்டால் அந்தத் தேதியைச் சிவப்பாக்கு என்று அர்த்தம், கேள்வியே கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டது யார் என்கிறாய்? உன் அம்மாதான், வருஷத்துக்கு ஒரு புது ஆள் வந்து சந்தேகம் கேட்டு என் உயிரை எடுத்ததால் போட்டேன். கம்ப்யூட்டரில் பக்கம் போடுகிற பெண் வேலைக்கு வந்து அப்போது மூன்று மாதம்தான், எந்நேரமும் காதில் எதையோ மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பாள், ஆனால் வேலையில் சுத்தம். அவளுக்கே சந்தேகம் வந்திருக்கிறது. இதுக்கு அடியில நாட்டுப் பேரே இல்லையே என்று மெஷின்காரரிடம் கேட்டிருக்கிறாள். அவர், அந்தம்மா வட்டம் போட்டா போட்டதுதான், நீ எதுக்கு மூக்கை நுழைக்கிறே என்று சொல்லிவிட்டார். இரண்டாவது ப்ரூஃபை நான் பார்த்திருந்தால் பிடித்திருப்பேன், அன்றைக்குப் பார்த்து நான் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கப் போயிருந்தேன். கன்னம் வீங்கி மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தபோது எட்டாயிரம் காலண்டரும் அடித்து, வெட்டி, தகரம் மாட்டிக் கட்டுக்கட்டாக நின்றது. அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டு, நன்றாக வந்திருக்கிறது என்று வேறு சொன்னேன். என்னைப்போல் ஒரு அசடு உண்டா சொல்.

ஜனவரி பிறந்ததும் ஆரம்பித்தது. முதலில் கப்பல் கம்பெனியிலிருந்து ஒரு போன், பன்னிரண்டாம் தேதி எந்த நாட்டு விடுமுறை என்று. அடுத்த நாள் ஆறு. எங்கள் தெரு முடிதிருத்தும் கடைக்காரர் சுவரில் எங்கள் காலண்டர்தான் தொங்குகிறது, நான்தான் கொடுத்தேன். அவர் அப்பாவுக்குச் சவரம் செய்துகொண்டே, மார்ச் பன்னிரண்டு கடை லீவு சார், முன்னாடி நாளே வந்துடுங்க என்றாராம். என்ன விசேஷம்ப்பா என்று அப்பா கேட்டதற்கு, அதெல்லாம் யாரு சார் பார்த்தா, சிவப்பு போட்டிருக்கான், மூடிட வேண்டியதுதான் என்றாராம். அப்பா இதை வீட்டில் வந்து பெரிய வேடிக்கையாகச் சொன்னார். நான் எழுந்துபோய் நம் வீட்டுக் காலண்டரில் மார்ச்சைப் புரட்டிப் பார்த்தேன், பளிச்சென்று இருந்தது. வட்டம் போட்ட கை எனக்கு நினைவுக்கு வந்துவிட்டது. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது, ஒன்பது நாள் நான் வாயைத் திறக்கவில்லை. இருபத்தாறு வருஷமாக ஒரு தேதி தப்பானதில்லை என்று பெயர் வாங்கியவள், அது ஒரு வட்டத்தில் போவதை நினைத்தால் பேச்சு வரவில்லை. யாரோ ஒருத்தர் ஏதோ ஒரு நாட்டு விசேஷம் என்று முடிவு கட்டிவிடுவார்கள், அப்படியே போய்விடும் என்று இருந்தேன். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். யாரைக் கூப்பிட வட்டம் போட்டேனோ அவனையே அந்த வட்டம் வரவிடாமல் பண்ணிவிட்டது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அழவெல்லாம் இல்லை, அப்பா ஏதாவது சொன்னால் நம்பாதே.

திங்கட்கிழமை போனபோது முதலாளி அறையில் அந்தப் பெண் நின்றுகொண்டிருந்தாள். காதில் மாட்டுவது கழுத்தில் கிடந்தது. அவர் சத்தமே போடவில்லை, அது இன்னும் மோசம். இந்த வேலைக்குக் கவனம் வேணும்மா, நாளையிலேர்ந்து நீங்க வர வேண்டாம்னு சொல்றதுக்கு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் என்னைப் பார்த்தாள், ஆனால் என் பெயரைச் சொல்லவில்லை. பழைய ப்ரூஃபெல்லாம் ஒரு வருஷத்துக்கு அலமாரியில் இருக்கும், அதுவும் நான் போட்ட சட்டம்தான். நான் போய் மார்ச் பக்கத்தை எடுத்து வந்து அவர் மேஜைமேல் வைத்து, வட்டம் என்னுது என்றேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார். எதுக்கும்மா போட்டீங்க என்றார். பட்டியலில் பார்த்தேன், குழப்பமாகிவிட்டது, பல்வலி என்றெல்லாம் சொல்லத் தயார் செய்துகொண்டுதான் போனேன். ஆனால், எம்பையன் வர்ற நாள் என்று வாயில் வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அப்புறம் அவர், வரட்டும்மா, நல்லா வந்துட்டுப் போகட்டும், ஆனா ஒரு பையன் வர்றதுக்கு எட்டாயிரம் சுவத்துலயா சிவப்பு அடிப்பாங்க என்றார். அந்தப் பெண்ணுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடிவிட்டாள். அவள் வேலை தப்பியது. சாயந்திரம் என் மேஜைக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தாள்.

முதலாளி உடனே எட்டாயிரம் திருத்தத் துண்டு அடிக்கச் சொல்லிவிட்டார். தேதிக் கட்டம் அளவுக்கு ஒரு சதுரம், அதில் கறுப்பில் பன்னிரண்டு, பின்பக்கம் பசை. சதுரத்துக்குக் கீழே கிழித்தெடுக்கிற மாதிரி இரண்டு வரி, அன்று எந்த நாட்டிலும் விடுமுறை இல்லை என்று. காரணமாக அச்சுப் பிழை என்று போட்டுவிடலாம், யாருக்கும் மனக்கஷ்டம் இருக்காது என்றார். நல்ல மனுஷன். ஆனால் அச்சு என்ன பாவம் செய்தது? மெஷின் சொன்னதைச் செய்தது. திருத்துபவரின் கவனக்குறைவு என்று நானே எழுதிக்கொடுத்து, நானே ப்ரூஃபும் பார்த்தேன், மூன்று தடவை. இந்த உறையில் இருப்பது அதில் முதலில் வெட்டிய துண்டு. உங்கள் பெரிய சமையல்காரருக்குப் புரிகிற பாஷையிலும் அந்த இரண்டு வரி இருக்கிறது. அவர் இல்லாத நேரத்தில் திருட்டுத்தனமாக ஒட்டிவைக்காதே, லீவுக்காக நீயே ஏதோ பண்ணிவிட்டாய் என்று நினைப்பார். அவரைக் கூப்பிட்டு, வரியைப் படிக்கவைத்து, அவர் கண்ணெதிரே ஒட்டு. ஒரு சொட்டுத் தண்ணீர் தொட்டால் போதும், எச்சில் தொடாதே, சாப்பாட்டில் கை வைக்கிறவன். என் அம்மா தப்பு செய்தாள் என்று தாராளமாகச் சொல், அதற்காகக் கூச்சப்படாதே. நான் முதலாளியிடமே சொல்லிவிட்டேன், இனி யாரிடம் சொன்னால் என்ன. பிப்ரவரி பதினைந்தோடு அவர் லீவுப் பட்டியலை மூடிவிடுவார் என்று நீதான் சொன்னாய். இந்தக் கடிதம் அதற்குள் வந்துவிடும் என்று தபால் ஆபீஸில் சொன்னார்கள், அந்தப் பெண்மணி சொன்னது நிச்சயமாகச் சொன்ன மாதிரி இல்லை, அதனால் கிடைத்த அன்றைக்கே செய்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. குழாய் மறுபடியும் ஒழுகுகிறது, அப்பா தானே சரிசெய்கிறேன் என்று கழற்றி வைத்திருக்கிறார், இப்போது இன்னும் நன்றாக ஒழுகுகிறது. உன் அறையில் அக்காவின் தையல் மெஷின் இருக்கிறது, நீ வருவதாக இருந்தால் ஒரு நாள் முன்னால் சொல், எடுக்க இரண்டு ஆள் வேண்டும். முழங்கையில் சுட்டுக்கொண்ட புண் ஆறிவிட்டதா? அடுப்பிலிருந்து தட்டை எடுக்கும்போது முழுக்கை உறை போட்டுக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது. நீ வந்தால் உன்னை ஒன்றும் சமைக்கச் சொல்ல மாட்டேன், ஆறு நாளும் சும்மா உட்கார்ந்திரு. ஒருவேளை அவர் முடியாது என்று சொல்லிவிட்டால் சண்டை போடாதே, வேலை முக்கியம். அடுத்த வருஷப் பட்டியலில் மறுபடியும் தேடிப்பார்க்கிறேன், இந்தத் தடவை பென்சிலைக் கீழே வைத்துவிட்டுத் தேடுவேன். ஆனால் சின்னவனே, சுற்றி வளைக்காமல் ஒன்று சொல்கிறேன், எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும். போனில் இல்லை. வாசலில் நிற்கிற மாதிரி பார்க்க வேண்டும்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல், போகிற இடமெல்லாம் நல்லபடியாக இருக்க அப்பாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். அக்காவும் மாப்பிள்ளையும் விசாரித்தார்கள். குட்டி ஒரு முத்தம் கொடுத்தாள், இந்தத் தாளுக்குக் கொடுக்காமல் போனுக்குக் கொடுத்துவிட்டாள். துண்டை மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் கோரும்,
அம்மா

பி.கு: தெருவில் காலண்டர் வைத்திருக்கிற எல்லோருக்கும் நானே போய்த் துண்டு கொடுத்துவிட்டேன். முடிதிருத்துபவர் மட்டும் லீவு போச்சே என்று வருத்தப்பட்டார். நம் வீட்டுக் காலண்டரில் ஒட்ட ஒன்று கொடு என்று அப்பா கேட்டார், நான் கொடுக்கவில்லை. இங்கே மட்டும் அது சிவப்பாகவே இருக்கிறது. சிவப்புத் தேதி என்றால் அடியில் விசேஷத்தின் பெயர் இருந்தாக வேண்டும், அதுவும் என் சட்டம்தான், அதனால் பொடி எழுத்தில் சின்னவன் என்று எழுதிவைத்திருக்கிறேன். இப்போதைக்குப் பென்சிலால்தான். லீவு கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன அன்றைக்கு அதன் மேலேயே பேனாவால் எழுதிவிடுவேன்.